தங்கச்சி மலைக்குப் போன மார்கழி

1

"விடுமுறை எப்படிப் போனது?" என்று இன்று காலை கோப்பி குடிக்கிற நேரத்தில் கூட வேலை செய்கிற ஒருத்தி கேட்டாள். நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்ன நகரம் எங்களுடையது. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நானும் அவளும் ஒரே தளத்தில் வேலை செய்கிறோம். மாசி பிறந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கொட்டிக் கிடக்கிற பனி கறுத்து அழுக்காகிவிட்டது. இந்த ஊரில் ஆளை ஆள் சந்திக்கிறபோதெல்லாம் இன்னும் நத்தார் விடுமுறையைப் பற்றித்தான் கேட்பார்கள்.

"நல்லாப் போனது" என்றேன்.

"ஓய்வு எடுத்தாயா? கடற்கரைக்குப் போனாயா?"

"ஊரில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றாலே கடல் தெரியும்" என்றேன். அவள் கண்களை விரித்து, "எவ்வளவு அதிர்ஷ்டசாலி நீ" என்றாள். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மொழியில் வேலை செய்கிறேன். மருந்தின் பெயர், நோவின் வகை, இறந்தவரின் பிள்ளைக்குச் சொல்கிற ஆறுதல் எல்லாம் தடங்கல் இல்லாமல் வரும். ஆனால் இந்த மார்கழியில் எங்கள் தீவில், இறுப்பிட்டியில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் பாதி வழியில் நின்றுவிடுவேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். உங்களுக்குப் பாதி சொன்னால் போதும்.

வந்த புதிதில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இவர்களுடைய மொழியில் வேலையில்லாத நாளுக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். அது எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை மேலதிகாரி என்னிடம், "நாளைக்கு உனக்கு லீவா?" என்று கேட்டார். "நாளைக்கு நீ சுதந்திரமானவளா?" என்று கேட்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். அகதி விண்ணப்பம் விசாரணையில் இருந்த காலம். "எனக்கு இன்னும் பதில் வரவில்லை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, நான் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று விசாரித்தார்.

2

வருஷம் முடிகிற நேரம் இங்கே எல்லாரும் புது வருஷத்துக்கு ஒரு தீர்மானம் எடுப்பார்கள். இனிப்பைக் குறைப்பது, சிகரெட்டை விடுவது, கிழமைக்கு ஒருக்கால் மலையேறுவது. நாங்கள் அதை விமான நிலையத்தில் வைத்துச் சொல்லுவோம். அது எங்கள் வீட்டுப் பழக்கமாகிவிட்டது. இந்த முறை இவருக்கு, என் கணவருக்கு, லீவு கிடைக்கவில்லை. பஸ் ஓட்டுகிறவர், நத்தார் நாட்களில் ஆள் பற்றாக்குறை. நானும் மகள் ஆரணியும்தான் வெளிக்கிட்டோம். பனியால் விமானம் பிந்தியது. ஆட்கள் நிலத்தில் கோட்டை விரித்துப் படுத்திருந்தார்கள். எங்கேயோ ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது.

"அம்மா, உங்கட தீர்மானம் என்ன?" என்றாள் ஆரணி. பதினேழு வயது. தமிழ் பேசுவாள், ஆனால் நாங்கள் கேட்டால் மட்டும்.

"வீட்டை போய் நல்லா நித்திரை கொள்ளவேணும். சித்தியின்ரை சமையலைச் சாப்பிடவேணும். ஒருத்தரையும் கழுவித் துடைக்காமல் மூண்டு கிழமை இருக்கவேணும்."

"அது தீர்மானம் இல்லை. அது ஆசை" என்றாள் நோர்வேஜிய மொழியில்.

"உன்ரை என்ன?"

"அடுத்த வருசம் நான் வரேல்லை. பிரெண்ட்சோட போகப்போறன்." அதைத் தமிழில் சொன்னாள். கடினமான விஷயத்தைத் தமிழில் சொன்னால் எனக்குக் கோபம் குறையும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததுபோல.

வருஷா வருஷம் இந்தப் பயணத்தில் ஏதோ ஒன்று நடக்கும். பெட்டி வராது, அல்லது பெட்டி வந்து நாங்கள் பிந்துவோம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில்தான் நிற்கவேண்டும். பயணத்தின் நோக்கம் என்ன என்று முன்கூட்டியே இணையத்தில் நிரப்பியாகவேண்டும். பிறந்த ஊருக்குப் போவது என்று அங்கே ஒரு கட்டம் கிடையாது. நான் வழக்கமாகச் சுற்றுலா என்று போட்டுவிடுவேன். பிறகு வான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, அங்கிருந்து இரு பக்கமும் தண்ணீர் கிடக்கிற நீண்ட தாம்போதி. மழைக் காலம். வானின் சக்கரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. ஆரணி காதில் மாட்டியதைக் கழற்றாமலே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாரி நிமிரவில்லை. தங்கச்சி சுமதி படலையடியில் குடையோடு நின்றாள்.

3

சுமதிக்கு நாற்பத்து நாலு வயது. வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். அண்ணை லண்டனில், நான் இங்கே, அம்மா இறந்து கனகாலம். அப்பாவும் சுமதியும்தான் அந்த வீட்டில். கலியாணம் ஏன் நடக்கவில்லை என்று ஊரில் பல கதை உண்டு; அவள் என்னிடம் சொன்னது ஒன்றும் இல்லை, ஆகவே நானும் எழுதவில்லை. அப்பாவுக்கு மூன்று வருஷத்துக்கு முன்பு பாரிசவாதம் வந்து இடப்பக்கம் பலவீனம். சீனி வருத்தமும் உண்டு. ஞாபகம் சில நாள் தெளிவாக இருக்கும், சில நாள் இருக்காது.

வந்த அடுத்த நாள் காலை, குசினியில் சுமதி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அவளுடைய அறை வாசலில் ஒரு பயணப் பை கிடந்தது. என்னுடையது அல்ல. புதுப் பை, விலைத்துண்டு கைபிடியில் தொங்கியது.

"ஆற்றையடி இந்தப் பை?"

"என்ரை."

"எங்க போறாய்?"

"நாளைக்கு விடிய வெளிக்கிடுறன் அக்கா. பள்ளிக்கூடத்து ரீச்சர்மார் எல்லாரும் ஒரு வான் பிடிச்சுப் போகினம். கண்டி, நுவரெலியா. பிறகு சிவனொளிபாதமலை. ஏழு நாள்."

நான் அவளைப் பார்த்தபடியே இருந்தேன். பகிடி விடுகிறாளோ என்று. சுமதி பகிடி விடுகிற ஆளில்லை.

"சுமதி, நாங்கள் இப்பத்தானே வந்திருக்கிறம்."

"ஓம். நீங்கள் வந்திருக்கிறியள் எண்டபடியாத்தான் போறன்."

அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. கரும்பலகையில் ஒரு கணக்கின் கடைசி வரியை எழுதிவிட்டுத் திரும்புகிற ரீச்சரின் குரல் அது. அப்படி அவள் சொல்லாமல், 'நீங்கள் எல்லாரும் அங்க போய் இருக்கிறியள், நான் இஞ்ச கிடந்து மாயுறன்' என்று கத்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கத்தியிருப்பேன். சண்டை பிடித்து, அழுது, அவள் பையைப் பிரித்து வைத்திருப்பாள். இதற்கு என்ன சொல்ல முடியும்?

"எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ பிளேனை மாத்தியிருப்பாய்."

அது உண்மையாக இருக்கலாம். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அவள் அப்பாவின் மருந்துகளை எடுத்து வந்து, எது காலை, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சொல்லத் தொடங்கினாள். "இதெல்லாம் எனக்குத் தெரியும், இதுதானே என்ரை வேலை" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். அவள் மருந்துப் பெட்டியை மூடி என் கையில் தந்தாள்.

"அப்ப நல்லது" என்றாள்.

விடிய, கோயிலில் திருவெம்பாவைக்குச் சங்கு ஊதுகிற நேரம் வான் வந்தது. உள்ளே ஏழெட்டு ரீச்சர்மார். எல்லாரும் ஒரேயடியாகக் கதைத்தார்கள். ஒருத்தி கம்பளித் தொப்பியை இப்போதே போட்டிருந்தாள். சுமதி அப்பாவின் அறைக்குள் போகவில்லை. "நித்திரையா இருக்கிறார். எழும்பினா போகவிடமாட்டார்" என்று சொல்லி ஏறினாள். வான் திரும்பிப் போன பிறகு பக்கத்து வீட்டுப் பவளக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"எங்க பிள்ளை, சுமதி?"

"சுற்றுலா போட்டாள் அக்கா."

"நீங்கள் வந்திருக்கேக்கையோ?" என்றா பவளக்கா. அந்தக் கேள்வியை அந்த ஏழு நாளும் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எனக்குக் கணக்கில்லை.

4

நான் வேலை செய்கிற இடத்தில், நத்தாருக்கு முந்திய கிழமை புது முகங்கள் வரும். வீட்டில் வைத்துத் தாயையோ தகப்பனையோ பார்க்கிறவர்கள், விடுமுறைப் பயணம் போவதற்காக அவர்களை இரண்டு கிழமைக்கு எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அரசாங்கமே செய்து கொடுக்கிற ஏற்பாடு. கார்க் கூரையில் பனிச்சறுக்குக் கட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, தாயைக் கட்டியணைத்து முத்தமிட்டு, "புது வருஷத்துக்குப் பிறகு வருவேன்" என்று சொல்லிப் போவார்கள். அந்தத் தாய்மார் மத்தியானமே வாசலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். "மகன் எங்கே?" என்று கேட்பார்கள். நாங்கள், "வந்துகொண்டிருக்கிறார், இப்போது வந்துவிடுவார், அதற்குள் கொஞ்சம் சூப் குடியுங்கள்" என்போம். மறதி நோய் உள்ளவர்களுக்கு அது வேலை செய்யும். பத்து நிமிஷத்தில் கேட்டதே மறந்துபோகும். அதைப் பொய் என்று நாங்கள் நினைப்பதில்லை.

அப்பா எழும்பியதும் கேட்டார்.

"சுமதி எங்க?"

"கடைக்குப் போட்டாள் அப்பா. இப்ப வந்திடுவாள். நீங்கள் முதல் சாப்பிடுங்கோ."

குரக்கன் புட்டு, பழம், கொஞ்சம் சம்பல். சுமதி செய்வதுபோலவே செய்திருந்தேன். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவள் வரட்டும்" என்றார்.

மத்தியானம், "பள்ளிக்கூடத்தில மீற்றிங், வந்துகொண்டிருக்கிறாள்" என்றேன். "அவள் வரட்டும்" என்றார். பின்னேரம் கெஞ்சி, அதட்டி, ஒரு பிஸ்கற்றும் பால் தேத்தண்ணியும் கொடுத்தேன். அவ்வளவுதான். அடுத்த நாளும் அதே கதை. என் வேலையில் சாப்பிட மறுக்கிறவர்களை எத்தனையோ பேரைச் சாப்பிட வைத்திருக்கிறேன். கரண்டியைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். நானும் பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக் காட்டினேன். கோப்பையை மாற்றினேன். பாட்டுப் போட்டேன். அப்பா வலது கையால் கோப்பையை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டு வாசலைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலை அவர் கதிரையில் இருந்தபடியே வியர்க்கத் தொடங்கினார். கை நடுங்கியது. "அம்மா!" என்று ஆரணி கத்தினாள். சீனி இறங்கிவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. சீனியைக் கரைத்துப் பருக்கி, முச்சக்கர வண்டியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டொக்டர் இளம்பிள்ளை, பொறுமையான ஆள். ஏற்றவேண்டியதை ஏற்றி, மருந்தின் அளவைக் குறைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வழக்கமா ஆர் பாக்கிறது?"

"என்ரை தங்கச்சி."

"அவ எங்க?"

சொன்னேன். "இண்டைக்கும் சாப்பிடாட்டி நாளைக்குக் கொண்டுவாங்கோ. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேணும்" என்றார்.

5

அண்ணைக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். லண்டனிலிருந்து தொலைபேசியில் எடுத்தார்.

"என்ன நடக்குது அங்க? அவள் எங்க போட்டாள்?"

"மலைக்கு, அண்ணை."

"மலைக்கோ? அப்பா கிடக்கிற கிடையில அவளுக்கு மலை கேக்குதோ? உடன கூப்பிடு. இண்டைக்கே பஸ் ஏறச் சொல்லு."

"டொக்டர் பாத்திட்டார். இப்ப பரவாயில்லை."

"பரவாயில்லை எண்டு நீ சொல்லாத. ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு? நீயோ?"

"ஓம் அண்ணை. நான்தான். இஞ்ச நான்தானே இருக்கிறன்."

அவர் வைத்துவிட்டார். பவளக்காவும் வந்து சொன்னா. கோயிலில் கண்ட இரண்டு பேரும் சொன்னார்கள். கூப்பிடு, கூப்பிடு. நானும் கைபேசியை எடுத்தேன். சுமதி காலையில் அனுப்பியிருந்த படம் அதில் இருந்தது. தேயிலைத் தோட்டத்தின் நடுவில், ஒரு கடும் சிவப்புக் குளிர்ச்சட்டையோடு நிற்கிறாள். சட்டை யாரிடமோ இரவல். கை நீளம் காணாது. வாயைத் திறந்து சிரிக்கிறாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். பிடிபடவில்லை.

கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள். அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அட்டனில் வானை விட்டு இறங்கி, ஒற்றையாகப் பஸ் மாறி மாறி வந்து, படலையைத் திறந்து, பையைக் கீழே வைக்க முன்னரே குசினிக்குள் போவாள். அப்பா சாப்பிடுவார். எல்லாருக்கும் நிம்மதியாக இருக்கும். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் எங்கேயும் போகமாட்டாள். யாரும் போகாதே என்று சொல்லத் தேவையும் இருக்காது.

ஆனால் அப்பா உள்ளே வற்றிப்போய்ப் படுத்திருக்கிறார். அதுவும் உண்மை. அவருக்கு எண்பத்திரண்டு. நாளைக்கு ஏதும் நடந்தால் சுமதி என்னை மன்னிப்பாளா? நான் என்னை? கிணற்றடியில் நின்று அழுதேன். வீட்டுக்குள் அழ இடமில்லை, ஆரணி இருந்தாள்.

இலக்கத்தை அழுத்தத்தான் போனேன். அப்போது உள்ளே கதைக்கிற சத்தம் கேட்டது.

6

ஆரணி அப்பாவின் கட்டிலடியில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தாள். அவளை அங்கே இருக்கச் சொன்னது நான்தான், சும்மா துணைக்கு. அவளும் அப்பாவும் பெரிதாகக் கதைப்பதில்லை. அவளுடைய தமிழ் அவருக்கு விளங்காது, அவருடைய தமிழ் அவளுக்கு விளங்காது. முதல் நாள், "அம்மப்பா, தண்ணி கடியுங்கோ" என்று சொல்லிவிட்டு, நான் சிரித்ததும் முகம் சுருங்கிப்போனவள்.

"சுமதி எங்க?" என்று அப்பா கேட்டார்.

"சித்தி இல்லை" என்றாள் ஆரணி.

ஓடிப்போய் வாயைப் பொத்தலாமா என்று இருந்தது.

"இல்லையோ?"

"இல்லை அம்மப்பா. சித்தி மலைக்குப் போட்டா. ரீச்சர் எல்லாரும் போட்டினம். இண்டைக்கு வராது. நாளைக்கும் வராது. இன்னும்..." விரலை மடக்கினாள். "நாலு நாள். பிறகு வரும்."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மலைக்கோ?"

"ஓம். பெரிய மலை. போட்டோ பாக்கிறீங்களா?"

தன் கைபேசியை நீட்டினாள். அவளுக்கும் சுமதி படம் அனுப்பியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அப்பா நெடுநேரம் பார்த்தார். கண் சரியாகத் தெரியாது அவருக்கு. ஆரணி படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"குளிரும் அங்க" என்றார் அப்பா.

"ஓம். சித்தி ஜக்கெற் போட்டிருக்கு."

"அப்ப இண்டைக்கு வரமாட்டாள்?"

"வராது."

அப்பா வாசலில் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? சாப்பாட்டைக் கொண்டுவா. ஆற முதல் சாப்பிடுவம்."

நான் குசினிக்குள் போய்ச் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்தேன். கோப்பையில் பாதியைச் சாப்பிட்டார். அது போதும். ஆரணியையும் பக்கத்தில் இருந்து சாப்பிடச் சொன்னார். சாப்பிடுகிறபோது அவளிடம் தன் கடையைப் பற்றிச் சொன்னார். நான் பிறந்த காலத்தில் அப்பா தெற்கில் ஒரு நகரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். எங்கள் தீவு ஆட்கள் பலர் செய்ததுதான். கலவரத்தில் கடை போய், ஊருக்குத் திரும்பிய பிறகு அதைப் பற்றி அவர் எங்களோடு கதைத்ததில்லை.

"கடையில கடைசிப் பெடியன் சாப்பிட்ட பிறகுதான் நான் கோப்பையில கை வைக்கிறது" என்றார். "ஒராள் வரவேணும் எண்டால், வரும்வரைக்கும் முதலாளி இருப்பான். லீவில போன ஆளுக்குக் காத்திருக்கிறேல்லை. அவன் அங்க சாப்பிடுவான்."

ஆரணி தலையை ஆட்டினாள். முழுக்க விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது. மூன்று நாளாக நான் அவருக்கு, சுமதி வருகிறாள், இதோ வருகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதை நம்பினார். நம்பியதால் காத்திருந்தார்.

என் மகளுக்குத் தமிழில் பூசி மெழுகத் தெரியாது. இருக்கிறது, இல்லை, வரும், வராது. அவ்வளவு தமிழ்தான் அவளிடம் இருந்தது. அந்த அளவு தமிழ்தான் அன்றைக்குத் தேவைப்பட்டது.

7

புது வருஷம் பிறந்த காலை சுமதி வீடியோவில் எடுத்தாள். மலையிலிருந்து இறங்கி அடிவாரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தார்கள். முகம் வெயிலிலும் குளிரிலும் கறுத்திருந்தது.

"அப்பா சாப்பிடுறாரோ?"

"சாப்பிடுறார்."

"உண்மையாவோ?"

"உண்மையா."

கைபேசியை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை எங்கே பிடிப்பதென்று தெரியாமல் காதில் வைத்தார். "முழங்கால் நோகுதோ?" என்று கேட்டார். "நோகுது அப்பா" என்றாள் சுமதி. "நோகும்" என்று சொல்லி என்னிடம் திருப்பித் தந்துவிட்டார். அன்றைக்கு வந்த எல்லாரிடமும் அதையே சொன்னார். நயினாதீவு அம்மனிடம் போய்விட்டு வருகிற வழியில் எட்டிப்பார்த்த உறவினர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த எங்கள் ஊர்க் குடும்பங்கள், பவளக்கா. "சுமதி மலைக்குப் போட்டாள். உச்சி வரைக்கும் ஏறினவளாம்." பவளக்காவுக்கு இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை பவளக்காவும், "ஓம், கெட்டிக்காரி" என்றுவிட்டா.

அந்த நாட்களில் நான் நித்திரை கொள்ளவில்லை. உடம்பு முறிய வேலை செய்தேன். அப்பாவை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, நல்ல தண்ணீர் வருகிற நேரம் பார்த்து வாளிகளை நிரப்பி, மழை விட்டால் உடுப்புக் காயப் போட்டு, மழை வந்தால் ஓடி எடுத்து. நோர்வேயில் இதே வேலையைச் செய்கிறேன்தான். ஆனால் அங்கே மூன்று மணிக்கு இன்னொருத்தி வருவாள். நான் கையைக் கழுவிவிட்டு வெளியே வந்து காரை எடுப்பேன். இறுப்பிட்டியில் மூன்று மணிக்கு ஒருவரும் வரவில்லை.

ஏழாம் நாள் பின்னேரம் வான் வந்தது. சுமதி ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கினாள். ஒரு பையில் நுவரெலியாக் கரட், லீக்ஸ். படியில் இருந்தபடியே நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைச் சொன்னபோது அவள் முகம் மாறியது.

"ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

"கூப்பிட்டிருந்தா நீ வந்திருப்பாய்."

"வராமல்? அப்பாக்கு ஏதும் நடந்திருந்தா?"

"நடந்திருந்தா நான் செய்தது பிழைதான். அதுக்கு மறுமொழி இல்லை என்னட்டை."

அவள் எழும்பி உள்ளே போனாள். அப்பா கதிரையில் இருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வந்திட்டியோ? சாப்பிட்டியோ?"

"இன்னும் இல்லை அப்பா. நீங்கள்?"

"நான் அப்பவே சாப்பிட்டிட்டன்" என்றார்.

சுமதி அங்கேயே நின்றாள். பிறகு குசினிக்குள் வந்து, கரட்டை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். முதுகு எனக்குத் தெரிந்தது. தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"நான் இல்லாட்டிச் சாப்பிடமாட்டார் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான் அக்கா" என்றாள். "இவ்வளவு வருசமும்."

நான் ஒரு கரட்டை எடுத்துக் கழுவினேன்.

8

அதற்குப் பிறகு பத்து நாள் நாங்கள் ஒன்றாக இருந்தோம். நான் கொஞ்சம் நித்திரை கொண்டேன். அண்ணை எடுத்தபோது சுமதியே கதைத்தாள். என்ன கதைத்தாள் என்று நான் கேட்கவில்லை, அண்ணையும் திருப்பிக் கேட்கவில்லை. ஆரணி அடுத்த மார்கழிக்கு வருவாளா என்று தெரியாது. நான் கேட்டு நெருக்கவில்லை. ஆனால் இங்கே வந்த பிறகு அவள் தன் அம்மப்பாவுக்குக் கிழமைக்கு ஒருக்கால் சுமதியின் கைபேசிக்குக் குரல்பதிவு அனுப்புகிறாள். சின்னச் சின்ன வசனங்கள். இங்கே பனி. இண்டைக்குச் சோதினை. நான் சாப்பிட்டன், நீங்கள் சாப்பிடுங்கோ.

நான் மேலதிகாரியிடம் பேசி, இந்த முறை கோடை விடுமுறையை முழுக்க ஆவணியில் எடுத்து ஊருக்குப் போவதற்குச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அங்கே பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான். இந்த வருஷத்துக்கு எனக்கென்று ஏதும் தீர்மானம் இருக்குமானால் அது இவ்வளவுதான். இவர் தலையைச் சொறிந்தார், பிறகு சம்மதித்தார்.

நேற்று அதைச் சொல்ல சுமதிக்கு எடுத்தேன். பின்னால் அப்பாவின் ரேடியோ கேட்டது. நான் சொன்னதும் அவள் போய் அதன் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, "நானும் ஒண்டு சொல்லவேணும்" என்றாள்.

"என்ன?"

"கடவுச்சீட்டுக்குப் போட்டிருந்தனான். போன கிழமை வந்திட்டுது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனை வருஷமாக எடு எடு என்று கேட்டது. "அப்பிடியெண்டா நீ இஞ்ச வா சுமதி! ஆவணியில நல்ல வெயில். இவர் எல்லா இடமும் கூட்டிக்கொண்டு போவார். விசா அலுவலை நான் பாக்கிறன்."

"இல்லையக்கா" என்றாள். சிரிக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. "நீ இஞ்ச வா. நான் வேற எங்கையாவது போறன்."